காதுகுத்தப்பட்ட வெள்ளாடு
(மரக்காணத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு: முதல் நாள்)



சர்வாதிகார ஆட்சியின்கீழ்ப் பெண்படும் பாட்டைச் சொல்லும் நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் பேச வேண்டும் என்று அமைப்பாளர்கள் எனக்குக் கடிதம் எழுதியபோது, அவர்கள் மனத்தில் இருந்தது கனடா நாட்டு எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' என்னும் நாவல்தான் என்பதை நான் ஊகித்துக்கொண்டேன். அதைப் பற்றியும் பேசுவேன். ஆயினும், அந்நாவலுக்கு ஈடாக நிற்கத்தக்கதும், சில இடங்களில் அதைக்காட்டிலும் நமக்குச் சங்கடம் தருவதுமான ஒரு நாவல் நம் மொழியிலேயே இருக்கையில், அதைப் படிக்காத ஊரில் கனடாவைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவது எனக்கு உசிதமாகத் தோன்றவில்லை. பெருமாள்முருகன் எழுதி, காலச்சுவடு பதிப்பகம் 2016இல் வெளியிட்ட 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'யையே இன்று என் முதன்மைப் பொருளாக எடுத்துக்கொள்கிறேன்.

இத்தகைய நாவல்களைத் துர்க்கற்பனை நாவல் என்பாரும் உண்டு, வேறு பெயரிட்டு அழைப்பாரும் உண்டு. பெயரைப் பற்றி வழக்காட நான் வரவில்லை. ருஷ்யாவின் ஸாமியாதினும் இங்கிலாந்தின் ஜார்ஜ் ஆர்வெல்லும் இத்துறையின் மூதாதையர் என்று பாடநூல்கள் சொல்லும். அவ்விருவர் நாவல்களிலும் பெண் வருகிறாள். ஆனால் கதாநாயகனின் கலகத்துக்குத் தூண்டுகோலாகவே வருகிறாள். ஆர்வெல்லின் '1984' வெளிவருவதற்குப் 12 ஆண்டுகளுக்கு முன்பே, 1937இல், நாஜிகளின் ஆட்சி பல நூற்றாண்டுகள் நீடித்தால் பெண் என்ன ஆவாள் என்று கேட்டு, தலை மழிக்கப்பட்டுத் தனிக்கொட்டடிகளில் அடைபட்டு, பிள்ளை பெறுவதற்கு மட்டுமே வைக்கப்பட்டிருக்கும் ஒரு ஸ்திரீ வர்க்கத்தைச் சித்திரித்தார் கேதரின் பர்டகின் என்னும் ஆங்கிலப் பெண்மணி. அந்த 'ஸ்வஸ்திகா நைட்' நாவலை அவர் ஓர் ஆணின் பெயரைப் புனைந்துகொண்டு வெளியிட்டார்; எழுதியவர் ஒரு பெண் என்பது 1980களில்தான் உலகுக்குத் தெரியவந்தது. இதற்கு நேரெதிரான கனவும் ஒன்று உண்டு. ஆடவரெல்லாம் வீட்டுக்குள் அடங்கியிருக்கப் பெண்கள் நாடாளும் ஒரு தேசத்தை வங்காளத்து ரொக்கையா சகாவத் ஹுசைன் எழுதினார். 'சுல்தானாவின் கனவு' என்னும் அக்கதை 1905இல் முதன்முதலாக அச்சேறியது கல்கத்தாவில் அன்று, நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் பத்திரிகையில். இந்தச் செய்தி நம் கல்லூரிகளில் போதிய அளவு சொல்லப்படுவதில்லை என்பது என் குறை.

அட்வுட்டுக்கு வருகிறேன். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு மதவெறிக் கூட்டம் ஆட்சியைக் கைப்பற்றிக் கிலியட் என்னும் நாட்டை அமைக்கிறது. சூழல் நஞ்சாகிப் பிள்ளைப்பேறு அருகிவிட்ட அந்நாட்டில், கருத்தரிக்க வல்ல பெண்கள் அதிகாரிகளின் வீடுகளுக்குச் சிவப்பு அங்கி உடுத்திய பணிப்பெண்களாகப் பங்கிட்டுத் தரப்படுகிறார்கள். அவர்களுடைய சொந்தப் பெயர்கூட அழிக்கப்பட்டு, எந்த அதிகாரிக்கு உரியவள் என்பதே பெயராகிவிடுகிறது. மனித குலம் எங்கேனும் எப்போதேனும் செய்திராத எதையும் இந்நாவலில் சேர்ப்பதில்லை என்று தமக்குத் தாமே ஒரு விதியை வகுத்துக்கொண்டதாக அட்வுட் சொல்லியிருக்கிறார். அவர் இதை எழுதத் தொடங்கியது 1984இல், சுவரால் பிளவுண்டிருந்த பெர்லினின் மேற்குப் பகுதியில். அப்போது ருமேனியாவில், ஜனத்தொகையைப் பெருக்க வேண்டும் என்பதற்காகச் செளசெஸ்கு 1966இல் பிறப்பித்த 770ஆம் எண் ஆணை நடைமுறையில் இருந்தது. கருக்கலைப்பு குற்றமாக்கப்பட்டு, தொழிற்சாலைகளில் பெண்களை வரிசையில் நிறுத்திக் கருவுற்றிருக்கிறார்களா என்று பரிசோதிக்கும் வழக்கமும் ஏற்பட்டிருந்தது. ஆகவே கிலியட்டைக் கற்பனை என்று தள்ளிவிட எவருக்கும் உரிமையில்லை.

அந்நாவலில் நான் மாணவர்களை நிறுத்திப் படிக்கச் சொல்லும் இடம், பலரும் எடுத்துக்காட்டும் கொடிய சடங்குக் காட்சியன்று. ஆட்சி மாறிய புதிதில் ஒரு நாள் கதைசொல்லி கடைக்குப் போகிறாள்; அவளுடைய வங்கி அட்டை செல்லவில்லை. அன்றே அவள் வேலை பார்த்த நூலகத்திலிருந்து பெண்கள் அனைவரும் ஒருசேர நீக்கப்படுகிறார்கள். பெண்களின் கணக்குகள் முடக்கப்பட்டு, அவற்றிலிருந்த பணம் கணவன் அல்லது நெருங்கிய ஆண் உறவினன் வசமாகிவிட்டது என்று பிறகு தெரியவருகிறது. அவள் கணவன் நல்லவன், அவளை நேசிப்பவன். அவன் கோபப்படவில்லை, கூத்தாடவுமில்லை. உன்னை நான் பார்த்துக்கொள்வேன் என்று ஆறுதல் சொல்கிறான். அந்த ஆறுதலைக் கேட்ட கணத்தில், இந்த ஏற்பாடு இவனுக்கு அவ்வளவு கசக்கவில்லையோ என்னும் சந்தேகம் அவள் மனத்தில் முளைக்கிறது. அட்வுட் இதை விரித்துரைக்காமல் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஆனால் இந்தச் சந்தேகம்தான், என் அபிப்பிராயத்தில், அந்நாவலின் ஆழமான இடம். பூனாச்சியின் கதை முழுவதும் அவர் தொட்டுவிட்டு நகர்ந்த அந்த இடத்திலேயே நடக்கிறது.

(இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நாவலின் கடைசியில், 2195ஆம் ஆண்டில் நடக்கும் ஓர் ஆராய்ச்சி மாநாட்டில், அப்பெண்ணின் வாக்குமூலத்தை ஒரு பேராசிரியர் சிலேடை பேசி அவையைச் சிரிக்கவைத்தபடி ஆராய்கிறார். அவள் பட்ட துன்பத்தைவிட அவளை வைத்திருந்த அதிகாரி யார் என்பதிலேயே அவருக்கு அக்கறை. மேடையேறி இந்நாவலைப் பற்றிச் சொற்பொழிவாற்றுகிற என் போன்றோருக்கென்று அட்வுட் வைத்த பொறி அது.)

இனிப் பூனாச்சி. இந்நாவல் பிறந்த சூழ்நிலையைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. 2010இல் வெளிவந்த 'மாதொருபாகன்' நாவலை முன்னிட்டுத் திருச்செங்கோட்டில் எழுந்த எதிர்ப்பினாலும் நிர்ப்பந்தத்தினாலும், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் அவரே அறிவித்தார். அவர்மீதான வழக்குகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 ஜூலை 5ஆம் நாள் தள்ளுபடி செய்து, எழுத்தாளர் மீண்டும் எழுத வேண்டும் என்று தீர்ப்பில் வாழ்த்தியது. அதற்குப் பிறகு வந்த நாவல் இது. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுதப் பேரச்சம், மிருகங்களிலும் பசுவும் பன்றியும் விலக்கு, ஆகவே வெள்ளாடு என்று அவர் முன்னுரையில் ஒருவகை விளையாட்டாகச் சொல்கிறார். அது வெறும் விளையாட்டன்று என்பது படிப்பவர்க்குப் புரியும். வாயடைக்கப்பட்டு மீண்ட ஒருவர் மீண்டும் பேசத் தொடங்கும்போது, பேசத் தெரியாத ஒரு பெண் பிராணியைப் பேச்சுக்குரிய பொருளாகத் தேர்ந்துகொண்டார்.

வானம்பார்த்த பூமியில் வாழும் ஒரு கிழவனிடம், பிறந்து கண்விழித்த ஒரு கறுப்புக் குட்டியை வழிப்போக்கன் ஒருவன் கொடுத்துச் செல்கிறான்; ஒரே ஈற்றில் பிறந்த ஏழில் ஒன்று அது. பூனைக்குட்டியளவே இருந்த அதைக் கிழவி ஏந்தியெடுத்து, வேறோர் ஆட்டின் மடியில் விட்டு, அந்த ஆடு உதைத்துத் தள்ளும்போதெல்லாம் தானே புகட்டி வளர்க்கிறாள். தனிமையைத் தீர்க்க வந்த பேத்தியைப் போலவே அவள் அதைக் கொஞ்சுகிறாள்.

இந்த வாஞ்சைக்கு நடுவில் அரசு நுழைகிறது. ஆடு வளர்ப்போர் எல்லாரும் தம் குட்டிகளை அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் காது குத்தி எண்ணிட்டுக்கொள்ள வேண்டும். எண்ணில்லாத ஆட்டுக்கும் அதை வைத்திருப்பவருக்கும் ஆபத்து. கிழவி நீண்ட வரிசையில் நிற்கிறாள். வரிசையில் நிற்பவர்கள் வெயிலையும் விலைவாசியையும் பற்றிப் பேசுவதுபோல் அரசைப் பற்றியும் பேசுகிறார்கள். ஆட்டின் கொம்பைக்கூட அரசு ஐயத்தோடு பார்க்கிறது என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் அக்கம்பக்கம் பார்த்து அவரை அடக்குகிறார். கிழவியின் முறை வந்ததும், இந்தக் குட்டி எந்த ஆட்டின் ஈற்று, உனக்கு எப்படி வந்தது என்று கேள்விமேல் கேள்வி. வழிப்போக்கன் கொடுத்தான் என்னும் உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நம்பத்தகுந்த பொய்யோ அவளுக்குக் கைவரவில்லை. ஏச்சும் பேச்சும் கேட்டு முடிந்தபின், அவள் கைகளிலேயே குட்டியை இறுகப் பிடித்திருக்க, அதன் மெல்லிய காதில் ஊசி இறங்குகிறது, குட்டி அலறுகிறது.

குட்டியைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். அது அரசுச் சிப்பந்தியின் கையன்று. அதற்குப் பால் புகட்டிய கை. இந்நாவலில் அரசு ஒரு தடவைதான் நேரே வந்து தொடுகிறது. அதன்பின் நிகழும் ஒவ்வொரு கொடுமையும் கிழவன் கிழவியின் வழியாகவே, அவர்கள் அன்பு சிறிதும் குறையாமலே, நிகழ்கிறது. கூடவே வளர்ந்த கடாக்குட்டிகளுக்கு விதையடிப்பதைப் பூனாச்சி பார்க்கிறாள். பருவம் வந்தபோது, அவள் மனம் பூவன் என்னும் கடாவின்மேல் இருக்க, கிழவி அவளை ஊரார் பொலிக்கு விடும் ஒரு கிழட்டுக் கடாவிடம் ஓட்டிப்போகிறாள். அந்த வீச்சமும் அருவருப்பும் நாவலில் வெகு நெருக்கமாக எழுதப்பட்டிருக்கின்றன. ஏழு குட்டிகள் பிறக்கின்றன. ஊர் வந்து அதிசயம் பார்க்கிறது. குட்டிகளுக்கு நல்ல விலை வருகிறது. பால்மறக்கும் முன்பே அவை பிரிக்கப்படுகின்றன. பின்னொரு நாள் பூவனோடு அவளுக்குக் கிடைத்த கூட்டுறவும் ஓர் இரவோடு முடிகிறது. பூவன் விருந்துக்கு வெட்டுப்படுகிறான். பிறகு மழை பொய்க்கிறது, மேய்ச்சல் கருகுகிறது, கிழவன் கிழவிக்கே கஞ்சியில்லாத பஞ்சம் வருகிறது, அப்போதும் பூனாச்சியின் வயிற்றில் ஏழு.

கிலியட்டில் கொடுமைக்காரர்களை நாம் விரல்நீட்டிக் காட்டலாம்: அதிகாரி, அவன் மனைவி, மாடு ஓட்டும் மின்கோலோடு பாடம் நடத்தும் 'அத்தை'மார். பெண்களை அடக்கப் பெண்களையே நியமிக்கும் அந்த அத்தைமார் ஏற்பாடு மிகவும் நுட்பமானதுதான். 2019இல் புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்ட 'தி டெஸ்டமென்ட்ஸ்' என்னும் தொடர்ச்சி நாவலில் அட்வுட் அவர்களுள் ஒருத்தியின் உள்ளத்தையே திறந்துகாட்டுகிறார். ஆனாலும் அத்தைமார் தாம் அரசின் ஊழியர்கள் என்பதை அறிந்தவர்கள். பூனாச்சியின் கிழவியோ தன்னை அரசின் கையாக ஒருபோதும் எண்ணியவளல்லள்; அவளும் அந்த அரசுக்கு அஞ்சி வரிசையில் நிற்கும் ஏழைப் பிரஜைதான். ஆணையிடுகிறவன் தொலைவில் இருக்கிறான். நிறைவேற்றுகிறவர் உங்களை மடியில் வைத்துக் கொஞ்சுகிறவராக இருக்கிறார். நம் வீடுகளில் பெண்பிள்ளையின் படிப்பு எப்போது நிற்க வேண்டும், யாருக்கு அவளைக் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் பெரும்பாலும் அவளை உயிராக நேசிப்பவர்களே தீர்மானித்து வந்திருக்கிறார்கள் என்பதை இந்த அவையில் யாரும் மறுக்க மாட்டீர்கள். கிலியட்டைப் படித்துவிட்டு நாம் ஓர் ஆட்சியைச் சபிக்கலாம். பூனாச்சியைப் படித்துவிட்டு யாரைச் சபிப்பது என்று தெரியாமல் திகைக்கிறோம். இதனால்தான் இதை அதைக்காட்டிலும் கடினமான நாவல் என்கிறேன்.

வகுப்பில் இதைப் பாடம் சொன்னபோது ஒன்று கவனித்தேன். மாணவர்கள் காதுகுத்தும் அத்தியாயத்தைப் பற்றி, அரசின் கண்காணிப்பு, அடையாள எண் முதலியவற்றைப் பற்றி, உற்சாகமாக விவாதித்தார்கள். மாணவியரோ அதை விட்டுவிட்டுக் கிழவியையே சுற்றிச் சுற்றி வந்தார்கள்: கிழட்டுக் கடாவிடம் ஓட்டிப்போனபோது அவளுக்கு மனம் வருந்தியதா, இல்லையா? வருந்தியிருந்தால் ஏன் திரும்பவில்லை? இரண்டாவது கேள்விக்கு நாவலில் விடை இருக்கிறது: விற்க வேறொன்றும் அவளிடம் இல்லை.

ஆடு எப்படிப் பெண்ணாகும், ஒரு பிராணியின் கதையை ஸ்திரீ ஜாதியின் சரித்திரமாகப் படிப்பது பெண்ணை இழிவுபடுத்துவது ஆகாதா என்று ஆட்சேபிப்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான ஆட்சேபம். பூனாச்சியை முழு உருவகமாக எடுத்துக்கொண்டு, இது இதைக் குறிக்கும், அது அதைக் குறிக்கும் என்று பட்டியல் போட்டால் நாவல் செத்துவிடும். அவள் முதலாவதாக ஓர் ஆடு, கொழுந்தைக் கண்டால் தாவுகிற, பருந்துக்கு அஞ்சுகிற ஆடு. ஆனால் கிலியட்டில் பெண்ணுக்கு என்ன நேர்ந்தது? அவளுடைய கருப்பையைத் தவிர மற்றெல்லாவற்றையும் அரசு கணக்கிலிருந்து நீக்கிவிட்டது. அந்த நிலையில் அவளுக்கும் கொட்டடியில் நிற்கும் ஆட்டுக்கும் பேரேட்டில் வேற்றுமை இல்லை. பெண்ணை ஆடாகப் பார்த்தது ஆட்சி. அதைத் தலைகீழாக்கி, ஆட்டுக்கு ஒரு பெண்ணின் விருப்பையும் வெறுப்பையும் வழங்கியவர் நாவலாசிரியர்.

முடிவைப் பற்றி மட்டும் எனக்கு மனக்குறை உண்டு. பஞ்சத்தின் உச்சத்தில் பூனாச்சி கல்லாகிவிடுகிறாள். தெய்வமாகிவிட்டாள் என்று படிப்போரும் உண்டு. பட்டினிக்கும் கொடுமைக்கும் இரையான பெண்ணைப் பிறகு கல்லாக்கிப் பொங்கலிடுவது நம் நாட்டு வழக்கம்தான், ஊர்தோறும் கன்னிமார் கோயில்கள் சாட்சி. அந்த வழக்கத்தை ஆசிரியர் பரிகசிக்கிறாரா, அல்லது அதில் தாமும் இளைப்பாறுகிறாரா என்பதில் என் மனம் ஒரு நிலைக்கு வரவில்லை. இளைப்பாறுகிறார் என்றே இன்றைக்குத் தோன்றுகிறது.

காதுகுத்தும் வரிசைக்கு ஒருமுறை திரும்ப வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நாம் இருப்பது மரக்காணத்தில். 3,000 ஏக்கருக்கு மேல் பாத்தி பாத்தியாகக் கிடக்கும் இந்த உப்பளத்தில், அரசின் பேரேடு உப்பளவுக்கே பழமையானது. 1805இல் கும்பினி அரசு சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. அதன்பின் உரிமமில்லாமல் உப்புக் காய்ச்சுவது மட்டுமன்று, கரையோரத்தில் தானாகப் பூத்த உப்பை ஒரு கை அள்ளுவதும் குற்றமாயிற்று. உலைக்கு ஒரு பிடி உப்பு அள்ளியதற்காகச் சிப்பந்தியிடம் மாட்டிக்கொள்ளும் அபாயம் அன்று அடுப்படிப் பெண்ணையே முதலில் சூழ்ந்தது. 1930இல் வேதாரண்யத்தில் ராஜாஜி தலைமையில் நடந்த உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறைசென்ற முதல் பெண்மணியான ருக்மிணி லட்சுமிபதி, அதை ஒரு தேசப் பிரச்சினையாக மட்டும் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஆனால் பேரேடு என்றாலே கொடுமை என்று சொல்லிவிட்டு இந்த ஊரிலிருந்து நான் தப்பிப் போக முடியாது. விடியுமுன் பாத்தியில் இறங்கி, ஆண்கள் வாருபலகையால் வாரி வரப்பில் ஒதுக்கிய உப்பைக் கூடையில் அள்ளித் தலைச்சுமையாக அம்பாரத்தில் கொட்டும் பெண்களின் உள்ளங்காலைப் பாருங்கள். உப்புநீர் தின்று வெடித்த அந்தக் காலுக்கு எந்தக் களிம்பும் கேட்பதில்லை. வெண்மையில் வெயில் பட்டுத் தெறிக்கும் கூச்சம் கண்ணைக் கெடுக்கிறது. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தி வெள்ளக்காடு, தை பிறந்து நிலம் மிதித்துப் பாத்தி கட்டும்வரை வேலையில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. அதைப் பெறப் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். ஆகவே இங்கே பெண்கள் எண் கிடைக்க வேண்டும் என்றுதான் வரிசையில் நிற்கிறார்கள். எண் இல்லாதவள் மழைக்காலத்தில் பட்டினி. கிழவியும் அப்படித்தான் நின்றாள். அவள் குட்டிக்கு எண் இல்லாவிட்டால் அதை விற்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. ஏழைக்குப் பதிவேடு அச்சமும் அடைக்கலமும் ஆக இருக்கிறது என்பதை அட்வுட்டின் நாவலில் நாம் காண முடியாது, ஏனெனில் அவருடைய கதைசொல்லி நேற்றுவரை வங்கிக் கணக்கு வைத்திருந்த நடுத்தரக் குடும்பத்துப் பெண். பெருமாள்முருகனின் வரிசையில் அது இருக்கிறது. இந்நாவலை வகுப்பில் ஆராய்கிறவர்கள் கண்காணிப்பு என்னும் ஒரே சொல்லால் அந்த அத்தியாயத்தை முடித்துவிடாமல், வரிசையில் நிற்பவர்கள் ஏன் கலைந்து போகவில்லை என்பதையும் கேட்டால் நலம். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல என்னைவிட, அளத்து வேலையை முடித்த கையோடு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்கள் தகுதியுடையவர்கள், பொழிவு முடிந்தபின் அவர்கள் பேசவேண்டும் என்று அவைத்தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

நாளைய பொழிவில் மஞ்சுளா பத்மநாபன் 2008இல் எழுதிய 'எஸ்கேப்' நாவலை எடுத்துக்கொள்வேன். பெண்ணினமே அழிக்கப்பட்டுவிட்ட ஒரு நாட்டில், தப்பிப் பிழைத்த ஒரே சிறுமியை மூன்று சித்தப்பா பெரியப்பாமார் ஒளித்து வளர்க்கும் கதை அது. அவள் பருவமடைவதையே மருந்துகொடுத்து அவர்கள் தள்ளிப்போடுகிறார்கள், அவளைக் காப்பாற்றுவதற்காக. பெண்சிசுக்கொலையோடு சேர்த்துப் பேசப்பட்ட உசிலம்பட்டியின் பெயரும், அதைத் தடுக்க வந்த சேலத்துத் தொட்டில் குழந்தைத் திட்டமும் அறிந்த நாம் அந்நாவலைப் படிக்கும் விதம் வேறாகத்தான் இருக்கும். நூலகத்தில் ஒரு பிரதியே இருப்பதாகச் சொன்னார்கள். இன்றிரவு அதை யார் எடுத்துப்போகிறார்களோ அவர்கள் நாளை முன்வரிசையில் அமர வேண்டும்.